லெட்டர் பேடு தீர்ந்துபோச்சு

சித்த நகரு அம்மிணி. பெஞ்சு நாலு பேரு உக்காரறதுக்குத்தான். பைய மடில வச்சுக்க. பைக்கு ஒரு எடம், ஆளுக்கு ஒரு எடம்னு புடிச்சு உக்காந்திருந்தா உள்ள இருக்கறவன் பாக்க மாட்டானா? பாப்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபத்தேழு வருசம் உக்காந்து பாத்தவன் நான். எவன் கால ஆட்டறான், எவ செல்போன நோண்டறா, எவன் வாட்ச்மேன்கிட்டப் பல்லக் காட்டறான், அத்தனையும் அங்கிருந்து தெரியும். உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடியே பாதிப் பேர மனசுல அடிச்சுப்போடுவேன்.

ஆமாமா, இன்னிக்கு இந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கறேன். நானும் இன்டர்வியூக்குத்தான் வந்தேன். அப்பிடிப் பாக்காத. அம்பத்தோரு வயசுல வேல தேடக் கூடாதுன்னு சட்டமா? என்ன போஸ்டுன்னு அப்பறம் சொல்றேன். உன்ற டோக்கன் எத்தன? பதினாலா? நான் பதிமூணு. இப்பத்தான் அஞ்சு உள்ள போயிருக்குது. காத்தால எட்டு மணிக்கே காந்திபுரத்துல பஸ் ஏறி இந்த அரசூருக்கு வந்து உக்காந்திருக்கறேன், ஒரு வாய் டீ குடுக்கல. நாங்க குடுப்போமான்னு கேக்காத. குடுக்க மாட்டோம். அது வேற.

பைலக் குடு, பாக்கலாம். அட, தின்னுபோட மாட்டேன். ம். பி.காம். சூலூரு. மார்க்கு பரவால்ல. முன்அனுபவம்... இதென்ன, துணிக்கடைல பில் போட்டேன், ஒன்றர வருசம்னு எழுதியிருக்கற? சர்டிபிகேட் எங்க? குடுக்கலையா? எத்தன தடவ கேட்ட? ஆறு தடவ கேட்டும் குடுக்கலைன்னா அப்பறம் எதுக்கு இத எழுதுன? பேப்பர்ல இல்லாத அனுபவம் அனுபவமே இல்ல அம்மிணி. ஒன்றர வருசம் நீ அங்க நின்னதுக்கு யாரு சாட்சி? கால் வலிச்சது உனக்குத் தெரியும். உள்ள இருக்கறவனுக்கு எப்பிடித் தெரியும்? நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

விளம்பரத்தப் பாத்துத்தான வந்த? ‘ஸ்டோர்ஸ் கிளார்க் தேவை. புதியவர்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருட முன்அனுபவம் கட்டாயம்.’ பாரு, சிரிக்கற. எல்லாருக்கும் சிரிப்புத்தான். புதியவன்னா அவனுக்கு எப்பிடி முன்அனுபவம்னு மேதாவி மாதிரி கேக்கறது. அதுல ஒரு ரோசனை இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தோணறதில்ல. எங்க கணபதி ஏரியால அந்த ரெண்டு வரிய சேத்து மொதமொதல்ல எழுதுனவனே நான்தான். மத்த கம்பெனிக்காரனெல்லாம் என்னப் பாத்து எழுதுனவனுங்க.

எங்களுது பம்பு கம்பெனி. பேரு வேண்டாம், அந்தப் பேர என்ற வாயால சொல்லறதில்லைன்னு இருக்கறேன். ஒரு கிளார்க்கு வேணும்னு சாதாரணமா ஒரு விளம்பரம் குடுத்தோம். எரநூறு பேரு வந்து நிக்கறான். ரோட்டு வரைக்கும் வரிசை. டீக்கடைக்காரன் சந்தோசப்பட்டான், எனக்குத்தான் தலவலி. அன்னிக்கு ராத்திரி உக்காந்து ரோசன பண்ணுனேன். ‘புதியவர்’னு போட்டா புதுசா வர்றவனுக்கு என்ன சம்பளமோ அதக் குடுத்தாப் போதும். ‘ரெண்டு வருசம்’னு போட்டா வந்தவனுக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல. ரெண்டையும் சேத்துப் போட்டா எரநூறு முப்பதாகும். அந்த முப்பதும் பயந்துட்டே வரும். பயந்து வர்றவன் பேரம் பேச மாட்டான். எங்க பெரியவரு, அதான் அப்ப இருந்த மொதலாளி, படிச்சுப் பாத்துட்டு, “சென்னியப்பா, உனக்கு இருக்கற மூளைக்கு நீ எங்கியோ இருக்கோணும்டா”ன்னாரு. அந்த மகராசன் போயிட்டாரு. அவரு இருந்திருந்தா நான் இந்தப் பெஞ்சுல வந்து உக்காருவனா?

நான் எப்பிடிச் சேந்தேன்னா கேக்கற? அது இருபத்தேழு வருசத்துக்கு முந்தி. பெரியவரு என்னப் பாத்தாரு, “ஆபீஸ் வேலை தெரியுமாடா?”ன்னாரு. “தெரியாதுங்க, கத்துக்கறனுங்க”ன்னேன். “சரி, நாளைக்கு வா”ன்னாரு. அவ்வளவுதான். அது அந்தக் காலம் அம்மிணி, அதையும் இதையும் ஒண்ணாப் பேசாத. என்னப் பாத்தாலே தெரியும், உருப்படுவேன்னு.

அப்பறம் இன்னொரு சட்டம் வச்சேன். வெளிய போறவனுக்கு அனுபவ சர்டிபிகேட் குடுக்கறதில்ல. ஏன்னா, அதக் குடுத்தாத்தான அவன் இன்னொரு கம்பெனிக்குப் போறான்? இங்க கத்துக்கிட்டு அங்க போயி எச்சாச் சம்பளம் வாங்கறான். வர்றவன்கிட்டக் கேப்பேன், போறவனுக்குக் குடுக்க மாட்டேன். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூடாது, அதுலதான் சாமர்த்தியம். பத்தாம் தேதி வாங்கன்னு சொல்லோணும். பத்தாம் தேதி வந்தான்னா, மொதலாளி ஊர்ல இல்ல. அடுத்த பத்தாம் தேதி வந்தான்னா, லெட்டர் பேடு தீர்ந்துபோச்சு, பிரஸ்ஸுல குடுத்திருக்கறோம். நாலு பத்தாம் தேதி போச்சுன்னா அஞ்சாவது பத்தாம் தேதி வர மாட்டான். முப்பத்தெட்டுப் பேரு எழுதிக் குடுத்த மனு என்ற டிராயர்ல கெடந்துச்சு. ஒருத்தன்கூடச் சண்டை போட்டதில்ல. அப்பிடி நடத்துனேன் ஆபீஸ.

குப்புராஜுன்னு ஒருத்தன் ஸ்டோர்ஸ்ல இருந்தான். நெகமத்துக்காரன். ஒம்பது வருசம் கிளார்க்கா இருந்தான். பல்லடத்துல ஒரு மில்லுல கெடச்சு அங்க போனான். நாலு மாசத்துக்குள்ள சர்டிபிகேட் கொண்டாந்து குடுக்கோணும்னு சொல்லியிருக்கறாங்க. நாலு பத்தாம் தேதி வந்தான். கடைசியா வந்தப்ப இந்த மாதிரி ஒரு பெஞ்சுலதான் உக்காந்திருந்தான், காத்தால இருந்து சாயங்காலம் வரைக்கும். “சார், இன்னிக்குக் கடைசி நாளுங்க சார்”ன்னான். லெட்டர் பேடு தீர்ந்துபோச்சு குப்புராஜுன்னேன். எந்திரிச்சுப் போயிட்டான். அந்த வேலையும் போச்சு அவனுக்கு. இப்ப கணபதி ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டறான். நான் என்ன பண்ணறது? யாரு போகச் சொன்னா அவன?

அவன் போன எடத்துக்கு ஆள் எடுக்கறதுக்குத்தான் அந்தப் பொண்ணு வந்து சேந்தா. சேந்தாளா அது, எனக்குன்னு வந்து வாச்சுது. கோகிலவாணின்னு பேரு, அன்னூருப் பக்கம். உன்ற மாதிரியே பி.காம். உன்ற மாதிரியே பைய மடில வச்சுக்காம பக்கத்துல வச்சிருந்தா. அனுபவம் எங்கன்னு கேட்டேன். “இல்லீங்க சார். ரெண்டு வருசம் வேல பாத்தவங்க எப்பிடிங்க சார் புதியவரு?”ன்னு கேட்டா பாரு. இன்டர்வியூல! நாக்கு நீளம் அம்மிணி அவளுக்கு. வெளிய போன்னுதான் சொல்லியிருக்கோணும். போறாத காலம், “பேக்கிங்ல ஆள் வேணும், தெனக்கூலி, இருக்கறதுன்னா இரு”ன்னு சொல்லிப்போட்டேன். அவமானப்பட்டு ஓடிருவான்னு நெனச்சேன். மறுநாள் காத்தால துப்பட்டாவ இடுப்புல கட்டிக்கிட்டு அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டிருக்கா.

ரெண்டு வருசம் ஒட்டுனா. ஸ்டோர்ஸ் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதே விளம்பரம் போடுவேன், வர்றவன் சம்பளத்தக் கேட்டுட்டுப் போயிருவான், இல்லைன்னா அனுபவம் இல்லைன்னு நான் அனுப்பிருவேன். அதுவரைக்கும் ஸ்டாக் யாரு எழுதறது? பேக்கிங்ல இருந்து அவளக் கூப்புடுவேன். ஏ பொண்ணே, சித்த வந்து இந்த பேரிங் எத்தனை, இம்பெல்லர் எத்தனைன்னு எண்ணி ரிஜிஸ்டர்ல ஏத்திப்போட்டுப் போ. கையெழுத்து முத்து முத்தா இருக்கும், பொய் சொல்லக் கூடாது. அப்பறம் தெனமும் அவதான் எழுதுனா. ரெண்டு வருசம், ஒரு நாள் விடாம. அதுக்காக அது அனுபவம் ஆயிருமா? அவ பேக்கிங்தான? கூலி பேக்கிங்குக்குத்தான குடுத்தேன்?

இதுக்கு நடுவுல என்ற பையன் கதையும் கேளு. நவநீதன். எஞ்சினியரிங் முடிச்சிருந்தான். அதே விளம்பரத்தப் பாத்து அவனும் மனு போட்டு வந்து வரிசைல நின்னுட்டான். அவங்கம்மா தள்ளிவிட்டிருக்கறா. எல்லாரும் பாக்கறாங்க, சென்னியப்பன் மவனுக்கு என்ன பண்ணறான்னு. உள்ள கூப்பிட்டேன். உக்காரச் சொல்லல. “முன்அனுபவம் இருக்குதா?”ன்னு கேட்டேன். “அப்பா...”ன்னான். “இங்க அப்பா கெடையாது, அனுபவம் இருக்குதா இல்லையா?”ன்னேன். வெளிய போயிட்டான். அப்பிடி இருந்தவன் நான், சொந்த மவனுக்கே சட்டத்த வளைக்கல. மூணு வருசமாச்சு, அவன் என்கூடப் பேசறதில்ல. எங்கயும் வேலைக்குப் போகல. எங்க போனாலும் ரெண்டு வருசம் கேக்கறாங்கன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லறானாம். சோம்பேறி. காரணம் கண்டுபுடிக்கறானுங்க இந்தக் காலத்துப் பசங்க. நான் சம்பாரிச்சுத்தான் மூணு பேரும் சாப்புடோணும், இன்னிக்கும்.

டோக்கன் எட்டா? கேக்கல எனக்கு. எட்டுத்தானா. சரி.

ரெண்டு வருசம் முடிஞ்ச அன்னிக்கு அந்தக் கோகிலவாணி மனுவத் தூக்கிட்டு என்ற டேபிளுக்கு வந்துட்டா. ‘ஸ்டோர்ஸ் கிளார்க் பணிக்கு. முன்அனுபவம்: இரண்டு வருடம், இதே நிறுவனத்தில்.’ எனக்கு வந்துச்சு பாரு கோவம். “சர்டிபிகேட் எங்க?”ன்னேன். “நீங்கதானுங்க சார் குடுக்கோணும்”னா. “வேலைல இருக்கறவங்களுக்குச் சர்டிபிகேட் கெடையாது. போனவங்களுக்குத்தான்”னேன். மடக்கிட்டேன்னு நெனச்சேன். அன்னிக்கு மத்தியானமே ராஜினாமா எழுதிக் கொண்டாந்து வச்சா. “ஒரு மாசம் நோட்டீஸ்”னேன். ஒரு மாசம் ஒட்டுனா, ஒரு மாசம் ஸ்டாக் எழுதுனா. கடைசி நாள் சாயங்காலம் வந்து நின்னா. “இப்ப நான் போனவதானுங்க சார். சர்டிபிகேட் குடுங்க, அத வச்சு நாளைக்கு மனுப் போடறேன்.”

நான் வழக்கமாச் சொல்லறதச் சொன்னேன். லெட்டர் பேடு தீர்ந்துபோச்சும்மா, பத்தாம் தேதி வா.

அவ என்ன பண்ணுனான்னு சொன்னா நம்ப மாட்ட. திரும்பிப் போனா. ஸ்டோர்ஸ்ல இருந்து ஸ்டாக் ரிஜிஸ்டரத் தூக்கிட்டு வந்து என்ற முன்னால விரிச்சு வச்சு, வெரல வச்சுப் படிச்சா. “லெட்டர் பேடு. வரவு பன்னெண்டு கட்டு. செலவு எட்டு. இருப்பு நாலு. மூணாவது ரேக், மேல் தட்டு. எடுத்துட்டு வரட்டுங்களா சார்?”

நான் எழுதச் சொன்ன ரிஜிஸ்டர் அம்மிணி. நான்! என்ற வாயால கூப்பிட்டு, என்ற பேனாவக் குடுத்து எழுதச் சொன்னது. அத வச்சே என்னக் குத்துனா.

வாசல்ல சின்னவரு நிக்கறாரு. பெரியவரோட பையன், அப்பத்தான் அப்பா எடத்துக்கு வந்திருந்தாரு. எத்தன நேரமா நின்னாரோ தெரியாது. உள்ள வந்து ரிஜிஸ்டரப் பொரட்டறாரு, ரெண்டு வருசப் பக்கம் அத்தனையும் பொரட்டறாரு. “இது யாரு கையெழுத்து?”ன்னாரு. “என்றதுங்க சார்”னா. “அண்ணா, இந்த வேலைக்குத்தான ரெண்டு வருசமா விளம்பரம் குடுத்துக்கிட்டிருக்கறோம்?”னு கேட்டாரு. ஏதோ பெரிய தப்பக் கண்டுபுடிச்சுட்ட மாதிரி. மறுநாள் ஸ்டோர்ஸ் சீட்டுல அவ உக்காந்தா. சர்டிபிகேட்டே இல்லாம! சட்டம்னு ஒண்ணு இருக்குதா அந்தக் கம்பெனில?

அதோட நின்னாளா? ஆறு மாசத்துல கம்ப்யூட்டர் வந்துச்சு. சின்னவரு, சம்பளம், ஆஜர் எல்லாம் இனி இதுலதான்னாரு. அவ கத்துக்கிட்டா. என்னயும் கத்துக்கச் சொன்னாரு, வயசான கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஆகறதில்லைன்னு சொல்லிப்போட்டேன். ஒரு நாள் அவ என்ற டிராயருல இருந்த முப்பத்தெட்டு மனுவயும் எப்பிடியோ பாத்துட்டா. “சார், பாவமுங்க சார், இவங்களுக்கெல்லாம் எழுதிக் குடுத்தரலாமுங்க. சின்னவரு சரின்னுட்டாரு. பழைய ஆஜர் ரிஜிஸ்டரெல்லாம் குடுங்க, யாரு எத்தன வருசம்னு பாத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்”னா.

பாவமாம்! அப்ப இத்தன வருசம் நான் பாவம் பண்ணுனனா? மறுநாளே பழைய பேப்பர்க்காரனக் கூப்பிட்டேன். ஆஜர் ரிஜிஸ்டரு, அட்டை போட்டது, தடி தடியா இருபத்தஞ்சு. அத்தனையும் மூட்டை கட்டித் தூக்கிப்போட்டேன். கரையான் அரிச்சுருச்சுன்னு சின்னவருகிட்டச் சொல்லிக்கிட்டேன். இப்ப எழுது பாக்கலாம்னு நெனச்சேன். வண்டி கேட்டத் தாண்டறப்ப அவ வெளிய ஓடி வந்தா. மூச்சு வாங்குது அவளுக்கு. “சார், அதுல உங்க பேருமுங்க சார் இருந்துச்சு”ன்னா. “என்ற பேருக்கு எதுக்குச் சாட்சி? நான் இங்க இருக்கறதே சாட்சி”ன்னு சொன்னேன். சரியாத்தான சொன்னேன்?

அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் அவ எழுதிக் குடுத்துட்டா, அது தெரியுமா உனக்கு? எப்பிடின்னு கேளு. கூட வேல பாத்த ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்னு சின்னவருகிட்ட அனுமதி வாங்கிட்டா. இவனுக்கு அவன் சாட்சி, அவனுக்கு இவன் சாட்சி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்துக்கிட்டு, சிரிப்பென்ன, டீ என்ன. நான் என்ற ஊட்டுக் கதவச் சாத்திக்கிட்டேன்.

போன ஆடில என்னயக் கூப்பிட்டாரு சின்னவரு. “அண்ணா, நீங்க நெறையா ஒழைச்சுட்டீங்க, ரெஸ்ட் எடுங்க”ன்னாரு. சால்வை ஒண்ணு போத்துனாங்க. ரெஸ்ட்டுன்னா என்னன்னு எனக்கு அப்பப் புரியல. ஊட்டுக்கு வந்து சால்வைய மடிச்சு வச்சப்பத்தான் புரிஞ்சுது. நவநீதன் டி.வி. பாத்துட்டிருந்தவன் திரும்பி ஒருக்காப் பாத்தான். மறுபடியும் டி.வி. பக்கம் திரும்பிக்கிட்டான்.

சரி, கை கால் நல்லாத்தான இருக்குது, இன்னொரு எடத்துல ஆபீஸ் இன்சார்ஜா உக்காந்துக்கலாம்னு கெளம்புனேன். சிட்ரா பக்கம் ஒண்ணு, கருமத்தம்பட்டில ஒண்ணு, அஞ்சு கம்பெனி ஏறி எறங்கிட்டேன். எல்லாப் பக்கமும், இருபது வருசம் அனுபவம் வேணும், இருக்குதுங்களாங்கறான். இருபத்தேழு இருக்குதுங்கறேன். சர்டிபிகேட் எங்கங்கறான். ஒருத்தன், என்ற மவன் வயசு இருக்கும், பைல மூடித் திருப்பித் தள்ளிட்டு, “பேப்பர்ல இல்லைன்னா நாங்க எப்பிடி சார் எடுத்துக்கறது?”ன்னு கேக்கறான். என்னயப் பாத்து. மரியாதையே இல்ல.

வேற வழி? போனேன் பழைய கம்பெனிக்கு. பெஞ்சுல உக்காந்தேன், குப்புராஜு உக்காந்த அதே பெஞ்சு. என்னய உக்கார வச்சு அவமானப்படுத்தப் போறா, பத்தாம் தேதி வாங்கன்னு சொல்லப் போறான்னு தயாராத்தான் போனேன். ரெண்டு நிமிசத்துல அவளே வெளிய வந்துட்டா. “சார், நீங்க எதுக்குங்க சார் வெளிய உக்காந்திருக்கறீங்க?”ன்னு உள்ள கூட்டிட்டுப் போயி, என்ற பழைய சேர்ல உக்கார வச்சு, டீ வாங்கிட்டு வரச் சொன்னா. நடிப்பு. கம்ப்யூட்டரப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. “சார், இதுல உங்க பேரு ரெண்டு வருசம் மூணு மாசம்தானுங்க இருக்குது. பழைய ரிஜிஸ்டர் இருந்திருந்தா...”ன்னு நிறுத்திட்டா.

சின்னவருக்குப் போன் போட்டுக் குடுத்தா. “அண்ணா, நான் அரை டவுசர் போட்ட காலத்துல இருந்து நீங்க அங்கதான் இருந்தீங்க, எனக்குத் தெரியும். ஆனா ரெக்கார்டுல இருக்கறதத்தான எழுத முடியும், ஆடிட்டர் கேப்பாரு”ன்னு வச்சுட்டாரு. அப்பறம் இவ சொல்லறா, “சார், கூட வேல பாத்தவங்க ரெண்டே ரெண்டு பேரு எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. நான் இருபத்தேழுன்னே போட்டுத் தந்தர்றேன். அந்த முப்பத்தெட்டுப் பேருல யாரக் கேட்டாலும் சரிங்க சார்.”

பாத்தியா? என்ன திட்டம் பாத்தியா? வேணும்னே அவங்ககிட்டப் போகச் சொல்லறா.

போனேன். ஆமா, போனேன். குப்புராஜத்தான் தெரியும் எங்க இருப்பான்னு. கணபதி ஸ்டாண்டுல சீட்டுல சாஞ்சு உக்காந்திருந்தான். அவனுக்குக் கெடச்ச சர்டிபிகேட்ட லேமினேசன் பண்ணிக் கண்ணாடிக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கறான். அத வச்சு என்ன பண்ணப் போறானாம்? விசயத்தச் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டான். எறங்கி நின்னுதான் கேட்டான், அதுல கொறை சொல்ல முடியாது. கேட்டுட்டு, “லெட்டர் பேடு தீர்ந்துபோச்சுங்க சார். பத்தாம் தேதி வாங்க”ன்னான்.

ஆட்டோக்காரனுக்கு எதுக்கு லெட்டர் பேடு? ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி எழுதறதுக்கு?

பத்தாம் தேதி போனேன். சிரிக்காத அம்மிணி. சிரிக்காதங்கறேன். போனேன். ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாவனும் பாக்கறான். “மொதலாளி ஊர்ல இல்லீங்க சார்”ன்னான். அவனுக்கேது மொதலாளி? அடுத்த பத்தாம் தேதியும் போனேன். ஆட்டோவ எடுத்துட்டு என்னயத் தாண்டிப் போயிட்டான். நாலு பத்தாம் தேதி போகல நான், ரெண்டோட நிறுத்திட்டேன். அவ்வளவு கேவலமாப் போயிடல. இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் ஒம்பது வருசம் சோறு போட்டிருக்கறேன் பாரு.

அதான், இந்தா, இதுதான் அவ குடுத்தது. கையில அழுக்கு இல்லைல்ல? படி. சத்தமா வேண்டாம். ‘திரு. சென்னியப்பன் எங்கள் நிறுவனத்தில் இரண்டு வருடம் மூன்று மாதம் பணியாற்றினார். இவரது நடத்தை நன்று.’ நடத்தை நன்றாம்! என்ற நடத்தைக்கு அவ மார்க்குப் போடறா. லெட்டர் பேடப் பாரு, கெட்டித் தாளு. நான் கலர் பாத்து, எழுத்துப் பாத்து, பிரஸ்ஸுல நின்னு அடிச்ச டிசைன் இது. பெரியவரு பேருக்குக் கீழ அந்தப் பம்பு படம் போடச் சொன்னதும் நான்தான். அதுல என்னய ரெண்டு வருசத்துக்காரனா எழுதியிருக்கறா. பஸ்ஸுல வரும்போது படிச்சேன், ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டேன் அம்மிணி. இருபத்தஞ்சு வருசம். காத்தால எட்டரைக்கு முன்னாடி ஒரு நாளு நான் லேட்டாப் போனதில்ல. அத ஒருத்தன் எழுதிக் குடுக்க மாட்டேங்கறான். ஒருத்தன். நான் என்ன கெடுதல் பண்ணுனேன் இவங்களுக்கு?

குடு, மடிக்காத, அப்பிடியே குடு.

பன்னெண்டு உள்ள போயிருச்சா? எந்திரி, எந்திரி. அங்க ஆபீஸ் பையன் கத்தறான் பாரு, ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு வந்தவங்க எல்லாரும் சர்டிபிகேட்டக் கையில புடிச்சுட்டு வரிசையா வரோணுமாம். அனுபவம் இல்லாதவங்க நேரத்த வேஸ்ட் பண்ண வேண்டாம்ங்கறான். சரியாத்தான் சொல்லறான். நீ ஊட்டுக்குப் போ, சூலூரு பஸ் எதுத்தாப்பல நிக்கும். போகலையா? நின்னுதான் பாப்பியா? உன்ற இஷ்டம்.

என்னய எதுக்கு அப்பிடிப் பாக்கற? என்ன போஸ்டுன்னு அப்பறம் சொல்லறேன்னு சொன்னனல்ல. ரெண்டு வருசக் காயிதத்தக் கையில வச்சுட்டு ஆபீஸ் இன்சார்ஜுக்கா போக முடியும்? ரெண்டு வருசம் கேக்கற வேலைக்குத்தான் போகோணும்.

அக்கட்டால தள்ளு. எனக்கு முன்னாடி நிக்காத அம்மிணி, பின்னால போயி நில்லு. எனக்கு ரெண்டு வருசம் அனுபவம் இருக்குது.